பெரட்டுக்கு வாராத வேலையாட்கள்

குகை என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் உள்ளத்தில் எழும் காட்சிகள் இரண்டு. ஒன்று, முனிவர் தவம் புரியும் இடம். மற்றொன்று, புலி படுத்திருக்கும் இடம். முனிவரிடத்துப் பக்தியும் புலியினிடத்து அச்சமும் கொண்டு நாம் குகை வாயிலிலேயே நின்றுவிடுகின்றோம். ஆயின், அவ்விருளில் பல்லாயிரம் ஆண்டுகளாகக் குடித்தனம் நடத்தி வருவது வேறோர் உயிர். அதனிடத்து நமக்குப் பக்தியும் இல்லை, பெரிய அச்சமும் இல்லை; அருவருப்பு ஒன்றே உண்டு. அவ்வுயிர் வௌவால். அருவருப்புக் கொண்ட பொருளை எவரும் ஆராய்வதில்லை. ஆராயாத பொருளைப் பற்றியோ ஆளுக்கொரு கதை கட்டிவிடுகின்றனர். இக்கட்டுரையில் அக்கதைகளைச் சற்று ஒதுக்கி வைத்து, அவ்வுயிரின் தொழில் யாது, அதற்கு நாம் கொடுக்கும் கூலி யாது என்று கணக்குப் பார்க்க விரும்புகின்றோம்.

கணக்குப் பார்த்தல் நமக்குப் பழகிய வேலை. நாம் குடியிருப்பது பேராக் மாநிலத்தில் ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங்கில். பிழைப்பு, செம்பனைத் தோட்டமொன்றில் கிராணி உத்தியோகம். முன்னாளில் ரப்பர்க் காடாயிருந்த இப்பக்கத்தில் இன்று தொழிற்சாலைகளும் வீட்டு வரிசைகளும் எழுந்துவிட்டன. மாறாமல் நிற்பவை கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளே. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்பு மேலெழுந்து மலையாயிற்று. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு பாறை வெடிப்புகளில் இறங்கி, துளி துளியாக அம்மலையைக் கரைத்துக் குகைகளைக் குடைந்தது. அக்குகைகளை மனிதரும் விட்டுவைக்கவில்லை. தம்பூன் மலையில் பழங்கால மனிதர் தீட்டிய செந்நிற ஓவியங்கள் 1959-இல் வெளியுலகத்துக்குத் தெரியவந்தன. சீனர் 1926-இல் பேராக் தோங் என்னும் குகைக் கோயிலை அமைத்தனர். நம்மவருக்கோ குனோங் சேரோவின் அடியில் கல்லுமலை முருகன் கோயில் உண்டு. எல்லாச் சமயத்தாரும் குகையைத் தேடி வந்திருக்கின்றனர். அங்கே முன்னமே குடியிருந்தவர் யார் என்று கேட்டவர் மிகச் சிலரே.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு விடுமுறை நாளில், தோட்டத்துக் குடும்பங்கள் சிலவற்றோடு கோப்பேங்கை அடுத்துள்ள தெம்புரோங் குகைக்குச் சென்றிருந்தோம். தெம்புரோங் என்பது மலாய் மொழியில் தேங்காய்ச் சிரட்டை. குகையின் கூரை கவிழ்த்த சிரட்டை போல் வளைந்திருத்தலின் அப்பெயர் வந்தது என்பர். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நீண்டு செல்லும் அக்குகையினூடே ஓர் ஆறு பாய்கின்றது. ஒரு காலத்தில் அதனுள் ஈயம் தோண்டினர். 1997-இல் படிகளும் நடைபாதைகளும் மின்விளக்குகளும் அமைத்துப் பொதுமக்கள் காணும் குகையாக அதனைத் திறந்தனர். மேற்கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதுகளையும், தரையிலிருந்து வளர்ந்த கற்றூண்களையும் கண்டு வியவாதார் இலர். நம் கூட்டத்தாரும் வியந்தனர். வியப்பு மிகுந்தபோது கூவினர். கூவியது எதிரொலித்தபோது மீண்டும் கூவினர். கூரையில் கருந்திட்டுகளாகத் தொங்கியவற்றின் மீது கைவிளக்கொளியைப் பாய்ச்சினர். திட்டுகள் அசைந்தன, சில பிரிந்து பறந்தன. ஒரு சிறுவன் நம் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, அவை மாதக்கணக்காகத் தூங்குமாமே! எங்கள் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கின்றது. நாம் எழுப்பிவிட்டோமா?" என்று கேட்டான்.

அவன் படித்தது ஆங்கிலப் புத்தகம். நாமும் ஆங்கிலப் பள்ளியில் பயின்றவரே. அப்புத்தகங்களில் வரும் வௌவால் பனிநாட்டு வௌவால். அதற்கு நீண்ட உறக்கம் உண்டு என்பது முற்றிலும் உண்மை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குளிர்காலத்தில் பறக்கும் பூச்சிகள் இல்லாதொழிகின்றன. பூச்சியை உண்டு பிழைக்கும் வௌவால் அப்பொழுது என் செய்யும்? இலையுதிர் காலத்தில் வயிறார உண்டு கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றது. பின்னர், உறையாத குளிர்ச்சியும் ஈரமும் உடைய குகையொன்றை அடைந்து, தலைகீழாகத் தொங்கி, உடற்சூட்டைக் குகையின் குளிர்ச்சியளவுக்குத் தாழ்த்திக்கொள்கின்றது. பறக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,000 முறை துடிக்கும் சிறு இருதயம், அவ்வுறக்கத்தில் 20 முறையளவே துடிக்கும். சேர்த்த கொழுப்பு, வசந்தம் வரைக்கும் அளந்து செலவிட வேண்டிய பணம் போன்றது. இடையில் எவரேனும் விளக்கைக் காட்டி, ஓசையிட்டு எழுப்பினால், உடலை மீண்டும் சூடாக்குதற்கே பல நாளைய சேமிப்புக் கரைந்துவிடும். பன்முறை எழுப்பப்பட்ட வௌவால், வெளியே பனி உருகுமுன் பட்டினியால் இறக்கும்.

நம் நாட்டிலோ பனிக்காலமே இல்லை. பேராக்கின் குகை வௌவால் பகலில் இளைப்பாறி இரவில் வேலைக்குப் போகும் தொழிலாளி. ஆண்டு முழுவதும் அதற்கு வேலைநாளே. சிறுவனிடத்து, "இவை இரவு வேலைக்காரர், பகலில் நாம் இவர்கள் வீட்டில் புகுந்து சத்தமிடுகின்றோம்" என்றோம். இரவு வேலை என்பது இன்னது என அவனுக்குத் தெரியும்; அவன் தந்தை எண்ணெய் ஆலையில் இரவு வேலை பார்ப்பவர். அவன் உடனே வாயில் விரல் வைத்துத் தன் தங்கையை அடக்கினான்.

பனிநாட்டுக் குகைகளில் அண்மையில் நிகழ்ந்ததொன்றை நம்மவர் அறிதல் நலம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஹவ் குகை என்றொன்று உண்டு. சுற்றுலாக் கூட்டம் கூட்டமாகச் சென்று காணும் குகை அது. அதனோடு தொடர்புடைய குகையில் 2006-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எடுத்த ஒளிப்படத்தில், உறங்கும் வௌவால்களின் மூக்கில் வெண்மாவு பூசினாற்போல ஏதோ படிந்திருந்தது. அது குளிரில் வளரும் ஒருவகைப் பூஞ்சைக் காளான். ஐரோப்பிய வௌவால்கள் அதனோடு பழகி வாழ்ந்தவை. அமெரிக்க வௌவால்கள் அதனை அறியாதவை. மனிதர் எவரோ தம் காலணியிலோ உடையிலோ அதனைக் கடல் கடந்து கொண்டுசென்றிருக்கலாம் என்று அறிஞர் கருதுகின்றனர். அக்காளான் தோலை அரிக்க, வௌவால் உறக்கத்தினின்று மீண்டும் மீண்டும் விழித்து, கொழுப்புத் தீர்ந்து மடிகின்றது. 2012-க்குள் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட வௌவால்கள் மடிந்தன என்று அந்நாட்டு அரசின் வனவிலங்குத் துறை மதிப்பிட்டது. உலகின் மிக நீண்ட குகையாகிய மம்மத் குகையில் 2013-இல் அந்நோய் காணப்பட்டது. அங்குக் குகையைக் கண்டு திரும்புவோர் மருந்து நீர் ஊறிய விரிப்பின் மீது நடந்து காலணியைத் தூய்மை செய்யுமாறு ஏற்பாடு செய்தனர்.

வௌவால் செத்தால் மனிதருக்கென்ன என்று கேட்பார் உளர். அக்கேள்விக்கு 2024-இல் 'ஸயன்ஸ்' இதழில் ஈயல் ஃபிராங்க் என்னும் பொருளாதார அறிஞர் விடை தந்தார். வௌவால்கள் மடிந்த மாவட்டங்களையும் மடியாத மாவட்டங்களையும் அவர் ஒப்பிட்டு நோக்கினார். வௌவால் இல்லாத இடத்தில் பயிர்ப் பூச்சிகள் பெருகின. உழவர் பூச்சி மருந்தை ஏறத்தாழ 31 விழுக்காடு கூடுதலாகத் தெளித்தனர். அம்மாவட்டங்களிலேயே கைக்குழந்தைகளின் சாவும் ஏறத்தாழ 8 விழுக்காடு உயர்ந்திருந்தது. இரவில் வௌவால் பிடித்துத் தின்ற பூச்சிக்கு எவரும் கூலி கொடுத்ததில்லை. அதனால் அது வேலையென்றே எவரும் கருதியதில்லை. வேலையாள் இறந்த பிறகே அவ்வேலையின் விலை தெரிந்தது. அவ்விலையில் ஒரு பகுதியைத் தொட்டிலில் கிடந்த குழந்தைகள் கொடுத்தன.

தோட்டத்தில் வாழும் நமக்கு இத்தகைய கணக்குப் புதிதன்று. நம் தோட்டத்து மூதாட்டிகள் தம் இளமையில் பார்த்த வேலையொன்றைச் சொல்லக் கேட்டிருக்கின்றோம். செம்பனையின் ஆண்பூவிலிருந்து மகரந்தப் பொடியைத் திரட்டி, முகப்பவுடர் போன்ற பொடியோடு கலந்து, மரம் மரமாகச் சென்று பெண்பூவின் மீது ஊதுதல் அவ்வேலை. காலையில் பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஆள் பிரிக்கும்போது, வெட்டுக்கு இத்தனை பேர், மருந்துக்கு இத்தனை பேர், பூவுக்கு இத்தனை பேர் என்று பிரிப்பராம். 1981-இல் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொணர்ந்து மலேசியத் தோட்டங்களில் விட்டனர். ஆப்பிரிக்காவில் செம்பனைப் பூவுக்குப் பூ மகரந்தம் சுமப்பது அவ்வண்டே. அது பரவிய பின், மனிதர் பூவில் ஊதும் வேலை நின்றது, காய்ப்பும் மிகுந்தது. அன்று தொடங்கிச் செம்பனைத் தோட்டங்களில் மிகுதியான ஆட்கள் பார்த்து வந்த வேலையை, எந்தப் பெயர்ப் புத்தகத்திலும் எழுதப்படாத அவ்வண்டு பார்த்து வருகின்றது. மகரந்தம் சுமத்தல் கூலி கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலை என்பதைச் செம்பனைத் தோட்டக் கிராணியைக் காட்டிலும் நன்கறிந்தவர் யார்?

செம்பனைக்கு வண்டு எப்படியோ, துரியானுக்கு வௌவால் அப்படி. துரியான் பூ மாலையில் மலர்ந்து, இரவெல்லாம் தேன் சுரந்து, விடியுமுன் இதழ் உதிர்ப்பது. பகலில் வரும் தேனீக்கு அங்கே மிகுதியாக வேலையில்லை. மலாயாவின் சுண்ணாம்புக் குகைகளில் வாழும் தேனுண்ணி வௌவால் இருட்டியபின் வந்து, நீண்ட நாவால் தேனை நக்கி, முகத்திலும் மார்பிலும் மகரந்தத்தை அப்பிக்கொண்டு அடுத்த மரத்துக்குச் செல்கின்றது. துரியான் வகைகள் பலவற்றில் தன் பூந்தாதால் தான் காய்த்தல் அரிது. வேறு மரத்துத் தாது வேண்டும். பெத்தாய் மரத்தின் பூவுக்கும் வௌவாலே தூது செல்கின்றது. 1970-களில் பத்துமலைக் குகையின் தேனுண்ணி வௌவால்களை ஆராய்ந்தோர், அவை முப்பது கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கடற்கரை அலையாத்திக் காட்டுப் பூக்களைத் தேடிச் செல்வதைக் கண்டனர். காரணம் எளிது. துரியான் பூப்பது ஆண்டில் சில வாரமே. மற்றை மாதங்களிலும் வௌவாலுக்கு வயிறு உண்டு. ஆகவே, கடற்கரையில் அலையாத்தியை அழித்தாலும், மலையில் குகையைக் குலைத்தாலும், இரண்டுக்கும் நடுவே நிற்கும் துரியான் மரம் அதனை உணரும். தாய்லாந்தில் துரியான் விளைவிப்போர் இரவில் விளக்கோடு சென்று தூரிகையால் மகரந்தம் தடவுகின்றனர். அங்கே மனிதர் பார்க்கும் அவ்வேலையின் செலவு கணக்கில் ஏறுகின்றது.

இவற்றையெல்லாம் புத்தகத்தில் படித்தல் ஒன்று. அயலாரிடம் எடுத்துரைத்தல் மற்றொன்று. நம் தெருவிலுள்ள பெரியவர் ஒருவர் சிம்மோர்ப் பக்கத்தில் சிறு துரியான் தோட்டம் வைத்திருக்கின்றார். ஓராண்டு பூக்காலத்தில் அவர் மரங்களினிடையே வலை கட்டினார். காலையில் வலையில் சிக்கிய வௌவால்கள் செத்துத் தொங்கின. காரணம் கேட்டோம். "தம்பி, ராத்திரியெல்லாம் வந்து பூவைப் பிய்த்துப் போடுகின்றன. காலையில் தரையைப் பார், பூப்படுக்கையாய்க் கிடக்கின்றது. உனக்குக் கணக்குத் தெரியும், மரம் எனக்குத் தெரியும்" என்றார்.

அவர் சினத்தில் நியாயமில்லாமல் இல்லை. அத்தோட்டத்தின் வருவாயை நம்பியே தம் பேத்தியின் கல்லூரிப் படிப்புக்கு வாக்குக் கொடுத்திருந்தார். தரையில் கிடந்த ஒவ்வொரு பூவும் அவர் கண்ணுக்கு ஒரு வெள்ளியாகத் தோன்றியது. அத்தகையவரிடத்து ஆங்கிலப் புத்தகத்தின் பெயரைச் சொல்லிப் பயன் என்? "மாமா, உங்கள் கண்ணையே சாட்சியாக வைப்போம்" என்றோம். தாழ்ந்த கிளையொன்றில் மலரவிருந்த பூங்கொத்தை மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டினோம். வௌவாலன்று, எறும்பும் புகாதபடி கட்டினோம். அன்றிரவு அவரோடு மரத்தடியில் அமர்ந்திருந்தோம். வௌவால்கள் வந்தன. ஒவ்வொன்றும் பூவைப் பற்றியது ஒரு நொடியோ இரு நொடியோ, உடனே அகன்றது. நள்ளிரவுக்குப் பின், வௌவால் இல்லாத நேரத்திலும் இதழ்கள் தாமே விழுந்துகொண்டிருந்தன. விடிந்ததும் பையை அவிழ்த்தோம். பையினுள்ளும் இதழ்களும் மகரந்தத் தாள்களும் உதிர்ந்து கிடந்தன. காயாகவேண்டிய சூலகம் மட்டும் காம்பில் நின்றது. வெளியேயுள்ள பூக்களிலும் அவ்வாறே நின்றது. பூ உதிர்வது பூவின் இயல்பு; களவுபோனது ஒன்றுமில்லை.

பெரியவர் நெடுநேரம் பையை உதறி உதறிப் பார்த்தார். ஒரு கொத்தைக் கொண்டு காய் பிடிப்பதைத் தீர்மானிக்க முடியாது. அதனை நாமும் சொன்னோம். ஆனால், பூவைப் பிய்ப்பது வௌவால் என்னும் குற்றச்சாட்டு அன்றோடு விழுந்தது. அவர் நம்மிடம் ஒன்றும் சொல்லாமல் வலையை அவிழ்த்துச் சுருட்டினார். நம் சொல்லுக்காக அவர் அவிழ்க்கவில்லை. தாம் கண்டதற்காக அவிழ்த்தார். அதுவே நமக்குப் பெருமகிழ்ச்சி. பழைய நம்பிக்கையைப் புதிய புத்தகத்தின் மீதான நம்பிக்கையால் மாற்றுவது பாதி வேலை. சோதித்துப் பார்க்கும் பழக்கம் வந்தாலே முழு வேலை.

வௌவாலைப் பற்றி நம்மிடையே வழங்கும் மற்றைக் கதைகளும் இத்தகைய சோதனைக்கு நில்லா. வீட்டினுள் வௌவால் புகுந்தால் சாவு வரும் என்பர். புகுந்தது விளக்கைத் தேடும் பூச்சியின் பின்னே. வௌவால் இறைச்சி இழுப்பு நோயைத் தீர்க்கும் என்பர். அதற்கு ஆதாரம் சிறிதும் இல்லை, வேட்டைக்கு அது நல்ல சாக்கு. அதே நேரத்தில், ஆதாரமுள்ள அச்சத்தை மறைப்பதும் அறிவுடைமை ஆகாது. 1998-இலும் 1999-இலும் நம் கிந்தாவின் பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய நிப்பா நோய் மலேசியாவில் 100-க்கு மேற்பட்டோரைக் கொன்றது. பத்து லட்சம் பன்றிகளுக்குக் குறையாமல் கொல்லப்பட்டன. அக்கிருமி மரங்களில் வாழும் பெரிய பழந்தின்னி வௌவாலிடமிருந்து வந்தது. ஆனால், வௌவால் பன்றிக் கொட்டிலைத் தேடி வரவில்லை. கொட்டிலின் மீதே பழமரங்கள் கவிந்து நின்றன. கடித்த பழம் கீழே விழ, பன்றி தின்றது. பன்றியிடமிருந்து மனிதருக்குத் தொற்றியது. இதிலிருந்து கற்க வேண்டிய பாடம் தெளிவானது. வௌவாலைக் கையால் தொடாதே. அது கடித்த பழத்தை உண்ணாதே. கால்நடைக் கொட்டிலைப் பழமரத்தடியில் கட்டாதே. எச்சம் குவிந்த இடத்தில் தூசியைக் கிளப்பி மூச்சில் இழுக்காதே. விலகி நிற்றலே இருபாலார்க்கும் நன்மை. கொன்று குவித்தலைப் பாடம் எங்கும் சொல்லவில்லை.

பெயர் வைப்பதிலும் மனிதர் செய்யும் கொடுமை சிறிதன்று. 1948-இல் ஆங்கஸ் ஹட்டன் என்னும் இயற்கை ஆர்வலர் தேனி மாவட்டத்து மேகமலையில், காப்பித் தோட்டமொன்றில், ஒரு வௌவாலைப் பிடித்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். சாதாரணப் பழந்தின்னி என்னும் சீட்டோடு அது பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்தது. பின்னர் தாய்லாந்து அறிஞர் கிட்டி தோங்லோங்யா அதனை எடுத்து ஆராய்ந்து, உலகம் அதுவரை அறியாத இனம் என்று கண்டு, பறவையியல் அறிஞர் சலீம் அலியின் பெயரால் 1972-இல் வெளியிட்டார். அதே 1972-இல் இந்தியாவில் இயற்றப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பழந்தின்னி வௌவால்களை எலியோடும் காகத்தோடும் சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்தது. அப்பட்டியலிலுள்ளதை எவரும் கொல்லலாம். சலீம் அலி வௌவால் பின்னர் அப்பட்டியலிலிருந்து மீட்கப்பட்டு உயர்ந்த பாதுகாப்புப் பெற்றது. மற்றவை நெடுங்காலம் அதிலேயே கிடந்தன. 2022-இன் திருத்தம் அப்பட்டியலையே நீக்கிற்று. தவறான சீட்டு ஒட்டப்பட்டதன் துன்பம் யாது என்பதைத் தோட்டத்து மக்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

இன்று கிந்தாவின் குன்றுகளுக்கு வேறொரு கணக்குப் போடுகின்றனர். சிமெண்டுக்கு இத்தனை டன், பளிங்குக்கு இத்தனை டன் என்று மலையை அளக்கின்றனர். ஜெலாப்பாங்கிற்கு வடக்கே சிம்மோரை ஒட்டிய காந்தான் குன்று சிமெண்டுக்காக நெடுங்காலமாக வெட்டப்பட்டு வந்தது. அதன் குகையொன்றில் மட்டுமே காணப்பட்ட சிலந்தி இனம் ஒன்றுக்கு 1997-இல்தான் பெயர் சூட்டினர். வீடு கட்டச் சிமெண்டு வேண்டும். நாமும் சிமெண்டு வீட்டிலேயே வாழ்கின்றோம். மலையை வெட்டவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. எந்தக் குன்றில் எவர் குடியிருக்கின்றார், அவர் செய்யும் வேலை எத்தனை தோட்டங்களுக்கு உதவுகின்றது என்று முதலில் எண்ணிப் பார்த்துப் பின் வெட்டுங்கள் என்கின்றோம். வரவை எழுதாமல் செலவை மட்டும் எழுதிய கணக்கை எந்தத் துரையும் ஏற்கமாட்டார்.

குகையைக் காணச் செல்வோரும் செய்யத்தக்கது சிறிது உண்டு. கைவிளக்கைத் தரையை நோக்கிப் பிடியுங்கள். குரலைத் தாழ்த்துங்கள். ஒரு குகையில் மிதித்த காலணியைக் கழுவாமல் மற்றொரு குகையில் புகாதீர்கள். குட்டியைச் சுமந்து தொங்கும் தாய் வௌவாலை மின்னல் விளக்கால் படம் பிடிக்காதீர்கள். அது பதறிப் பறந்தால் குட்டி கீழே விழும். இவற்றுக்குக் காசும் செலவில்லை, கல்வியும் மிகுதியாக வேண்டியதில்லை. பிள்ளைகளிடம் காரணத்தைச் சொன்னால் அவர்களே பெரியவர்களை அடக்கிவிடுவர்.

வரும் பருவத்தில் தம்பூன் சாலையோரத்தில் துரியானைக் குவித்து விற்கும்போது, கிலோ என்ன விலை என்று கேட்போம், கடைக்காரர் சொல்வார், பேரம் பேசுவோம். அவ்விலையில் நிலத்தின் குத்தகை இருக்கும், உரம் இருக்கும், காவலுக்கு நின்றவர் கூலி இருக்கும், லாரி வாடகை இருக்கும். பூக்காலத்தில் இரவெல்லாம் பறந்தவரின் கூலி மட்டும் இராது. அவர் அதனைக் கேட்கவும் மாட்டார். பகலில் தூங்குதற்கு இருட்டான ஓரிடம் தவிர அவருக்கு வேண்டுவது ஒன்றுமில்லை. அவ்விடத்தை விட்டுவைப்பதே நாம் கொடுக்கக்கூடிய சம்பளம். அதனை வாசகர் சிந்திப்பாராக.